கமலாவதியின் பிளிப்பர்

பருத்தித்துறையில் ஒரு பெண் சீட்டை எடுத்தால் அந்தக் காசை என்ன செய்யப்போகிறாள் என்று கேட்க ஊருக்கே உரிமை உண்டு. பதில் பிடிக்காவிட்டால் வேறு செலவைச் சொல்லிக்கொடுக்கிற கடமையும் உண்டு. வடைக்காரக் கமலாவதி, கைக்கு வருகிற தொகை குறைந்தாலும் சரியென்று கழிவு கூடக் கேட்டு, தன் முறைக்கு முந்தியே சீட்டை எடுத்தபோது, சீட்டு நடத்துகிற ஸ்ரெல்லா வழக்கம்போல விசாரித்தாள். கூரையோ, காப்போ என்று. பிளிப்பர் வாங்க என்றாள் கமலாவதி. ஸ்ரெல்லா அதை ஒரு வைத்தியச் செலவாக எடுத்துக்கொண்டு, அனுதாபத்தோடு காசைக் கையில் வைத்தாள்.

பிளிப்பர் என்பது கண்ணாடி மூடிய நீளப் பெட்டி. நான்கு காலில் மேசைபோல நிற்கும். உள்ளே ஓர் இரும்புக் குண்டை எய்தால் அது மணிகளில் முட்டி, விளக்குகளை எரியவைத்து, புள்ளிகளைக் கூட்டிக்கொண்டு கீழே உருண்டு வரும். பக்கத்துப் பொத்தான்களை அமத்தி இரண்டு சிறு மட்டைகளால் அதை மறுபடி மேலே தட்டவேண்டும். தவறினால் குண்டு குழிக்குள் போய்விடும். இங்கிலிஷில் பின்போல். இதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதைக் கமலாவதி ஒருநாளும் மறுத்ததில்லை.

இளவயதில் அவள் ஜேர்மனியில், டோட்முண்ட் நகரத்தில், ஒரு மதுச்சாலையைக் கூட்டித் துடைத்தாள். அங்கே மூலையில் ஒரு பிளிப்பர் நின்றது. காலையில் அதன் கண்ணாடியைத் துடைப்பது அவள் வேலை. பின்னேரத்தில் அதை ஆடுவது மற்றவர்கள் வேலை. ஓர் ஆட்டத்துக்கு ஒரு ஜேர்மன் மார்க் காசு. அதே ஒரு மார்க்குக்கு ரெலிபோன் கூண்டிலிருந்து கொழும்பில் இருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டு, ஊரில் எல்லோரும் சுகமோ என்று கேட்கலாம். பதில் பாதியில் அறுந்துவிடும். மார்க் எந்தப் பக்கம் போனது என்று சொல்லத் தேவையில்லை. அவள் ஒரு தடவையும் ஆடவில்லை.

அகதி விண்ணப்பம் கடைசியாகவும் தள்ளுபடியாகி, சமாதானக் காலத்தில் ஊர் திரும்பியபோது, மார்க் செத்து யூரோ பிறந்திருந்தது. பிஸ்கற் வந்த தகர ரின்னில் மிஞ்சிக் கிடந்த மார்க்குகளை இங்கே எந்த வங்கியும் தொடவில்லை. வெளிநாட்டுச் சில்லறை நிறைந்த ஒரு ரின் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் அருமை. மற்ற வீடுகளில் அந்த ரின் சும்மா கிடந்தது. கமலாவதி வீட்டில் அது காத்துக்கொண்டிருந்தது.

சீட்டு விஷயம் அண்ணன் கனகசபாபதியின் காதுக்கு அன்று மத்தியானமே எட்டியது. அவர் ரோட்டு ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். நீர்க்குமிழி ஓடுகிற அந்தச் சின்ன மட்டப்பலகையை இன்னும் சேட்டின் நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர். கோயிலில் சாமி தூக்கும்போதுகூட வாகனம் எந்தப் பக்கம் சரிகிறது என்றுதான் பார்ப்பார். கமலாவதி கல்யாணம் முடித்திருந்தால் தாயின் வீடு முழுக்கச் சீதனமாக அவளுக்கே வந்திருக்கும். முடிக்காதபடியால் பாதி அவளுக்கு, பாதி அவருக்கு.

“முன்மதில் விழுந்து கிடக்குது, கமலா. ரோட்டாலை போற சனமெல்லாம் உள்ளுக்குப் பாக்குது. உன்ரை பாதியை நீதான் கட்டோணும்.”

“பாக்கட்டும் அண்ணை. அதுகள் பாக்கிறதுக்கு ஒண்டு வாங்கப்போறன்.”

பெட்டியை அவள் ஏற்கெனவே கண்டுவைத்திருந்தாள். ஜேர்மனியிலிருந்து வந்து கொக்குவிலில் சாப்பாட்டுக்கடை திறந்த றெஜி, அதை மூடிவிட்டுத் திரும்பிப் போகிற ஆயத்தத்தில் அவளிடம் வடைக்குச் சொல்லியிருந்தான். வாரக்கணக்கில் கெடாத பருத்தித்துறை வடை இல்லாமல் விமானம் ஏறுகிற துணிச்சல் இங்கே யாருக்கும் இல்லை. வடையைக் கொடுக்கப் போன இடத்தில், கவிழ்த்து அடுக்கிய கதிரைகளுக்குப் பின்னால் பிளிப்பர் நின்றது. வடைப் பாசலைக் கீழே வைக்க மறந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சீட்டுக் காசோடு மறுபடி போனாள். றெஜி யோக்கியன். பெட்டி செத்துப்போயிற்று என்று முதலே சொல்லிவிட்டான். டோட்முண்ட் பக்கத்துப் பெட்டிதான், அங்கே நன்றாக ஓடியது. இங்கே விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது, ஆனால் குண்டு நடுவழியில் ரோட்டு மாடுபோலப் படுத்துவிடுகிறது. கடற்காற்று பட்டிருக்கும் என்பது அவன் அபிப்பிராயம். தன் பக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை என்று காட்ட முன்கால்களைச் சுட்டினான். வந்த புதிதில் பெட்டி முன்பக்கம் சரிந்து நின்றதாம். கடை நிலத்துக்கு மாபிள் பதித்த மேசன் ஜேர்மன்காரரின் இந்தக் கவலையீனத்தைப் பொறுக்கமாட்டாமல், இரண்டு பனங்கட்டையை அடியில் கொடுத்து, நீர்மட்டம் பிடித்து, அசையாமல் இறுக்கிவிட்டானாம்.

அருமையான வேலை என்று கமலாவதியும் ஒப்புக்கொண்டாள். கோணலாய் நிற்கிற சாமானை நிமிர்த்தாமல் விடுகிற மனிதர் குடாநாட்டில் பிறப்பதில்லை.

செத்த பெட்டிக்கும் அவன் சொன்ன விலை அவள் மடியில் இருந்ததைவிடக் கூட.

“தம்பி, இருக்கிறது இவ்வளவுதான். மிச்சத்துக்கு வடை. இங்கையிருந்து ஆர் ஜேர்மனிக்குப் போனாலும் உமக்கு ஒரு பாசல் வரும். நான் கண்ணை மூடுமட்டும் வரும்.”

“ஓடாத பெட்டி அக்கா. பிறகு என்னைத் திட்டக்கூடாது.”

“நான் ஓடுறபோதும் ஆடேல்லை. ஓடாட்டிலும் என்ரை வீட்டிலை நிக்கட்டும்.”

றெஜி குளிர்கால மாலைகளை நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். சம்மதித்தான்.

பட்டா என்கிற சின்ன லொறியில் பெட்டி வந்து இறங்கியபோது கனகசபாபதி வாசலை மறித்து நின்றார். சாமியறை உள்ள வீட்டுக்குள் சூதுப்பெட்டி வராது என்றார். காசு வைத்துக் காசு எடுக்கிறதுதான் சூது, இது வைத்த காசை வைத்தபடி விழுங்குகிறது என்று அவள் விளங்கப்படுத்தினாள். அது இன்னும் மோசம் என்றார்.

“பாதி என்ரை வீடு, அண்ணை.”

“வாசல் மற்றப் பாதியிலை இருக்கு.”

சட்டப்படி அது சரி. கமலாவதி கொஞ்ச நேரம் அந்த வாசலைப் பார்த்தாள். பிறகு, பெட்டியை வடைக்கொட்டிலில் இறக்கச் சொன்னாள். கொட்டில் வளவின் ரோட்டோரத்தில், அவள் தன் உழைப்பில் போட்டது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டால் தண்ணீர் நேரே ரோட்டு வாய்க்காலுக்கு ஓடவேண்டும் என்று தரையைச் சரிவாக இழுப்பித்திருந்தாள். அந்தச் சரிவு கண்டபடி கூட என்று கனகசபாபதி கட்டின நாளிலேயே அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

பெட்டியின் முதுகு உள்சுவரோடு, ஆடுகிறவரின் முதுகு ரோட்டோடு. வேறு விதமாக வைக்க இடமில்லை. வடை தட்டுகிற அருமைநாயகி மாக்கையோடு எழுந்து வந்து, ஓடாத சாமானுக்கு மின்சாரம் வீண் என்றாள். மதிலில்லாத வளவு என்பதால் ரோட்டால் போன சிலரும் நின்று, அதே கருத்தைச் சொன்னார்கள். கமலாவதி கையைத் துடைத்தாள். ரின்னைத் திறந்து ஒரு மார்க்கை எடுத்துப் போட்டாள். ஊர் வங்கிகள் எல்லாம் கைவிட்ட அந்தக் காசைப் பெட்டி கிணுக்கென்று ஏற்றுக்கொண்டது.

குண்டை எய்தாள். அது மேலே போய், வளைந்து, ஒரு மணியில் முட்டி, இன்னொன்றில் முட்டி, படுக்கவில்லை. அவளை நோக்கி உருண்டு வந்தது. கொட்டில் தரையின் சரிவு பனங்கட்டைகளையும் வென்றிருந்தது. அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது: டோட்முண்டில் கண்ணாடியைத் துடைக்கும்போது அழுக்குத் தண்ணீர் எப்போதும் அவள் ஏப்ரன் பக்கமே வடிந்தது. அங்கேயும் பெட்டி ஆடுகிறவர் பக்கம் சரிந்துதான் நின்றது. அந்த யோசனையில் அவள் பொத்தானை அமத்த மறந்தாள். குண்டு குழிக்குள் போயிற்று. அடுத்தடுத்த குண்டுகளும் அப்படியே.

அவளுடைய முதலாவது ஆட்டம், ரெலிபோனில் எல்லோரும் சுகமோ என்று கேட்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

“உதுக்கோ இவ்வளவு பாடு?” என்றாள் அருமைநாயகி.

“ஓம், உதுக்குத்தான்.” அடுத்த மார்க்கைப் போட்டாள்.

விடிந்ததும் கனகசபாபதி வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் மட்டப்பலகையைக் கண்ணாடிமேல் வைத்தார். குமிழி ஒரு பக்கத்துக்கு ஓடி ஒதுங்கியது. அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. மேசனைக் கூட்டிவருவதாகவும், முன்காலுக்கு இன்னும் இரண்டு கட்டை கொடுத்தால் எல்லாம் சீராகிவிடும் என்றும், செலவு தன்னுடையது என்றும் சொன்னார். தங்கையின் பிழையைத் திருத்துவதென்றால் அவர் கை தாராளமானது.

கமலாவதி அடுப்பை விட்டு வந்து ஒரு மார்க்கைப் போட்டாள். விலகி நின்று, ஆடிப்பாருங்கோ என்றாள். அவர் ரோட்டைப் பார்த்தார். சந்தைக்குப் போகிற சனம் பார்த்துக்கொண்டு நின்றது. மறுத்தாலும் கதைப்பார்கள், ஆடினாலும் கதைப்பார்கள். அவர் ஆடினார். ஒரு குண்டை இரண்டு தடவை மேலே தட்டி, மூன்றாந் தடவை தவறவிட்டார்.

“தரை சரிவு. அதுதான் போனது. ஒரு கட்டை வைச்சால்...”

“கட்டை வைக்க மேசன் வந்தால், அவனைக் கொண்டு வாசலை இடிப்பிச்சு என்ரை பாதிக்கு மாத்துவன். மதில் காசையும் மறந்திடுங்கோ.” அவள் மட்டப்பலகையைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, மாப்பட்ட கையாலேயே அவருடைய சேட்டுப் பையில் சொருகினாள். “உது உப்பிடியே சரிஞ்சுதான் நிக்கும், அண்ணை. தள்ளி நில்லுங்கோ, என்ரை முறை.”