எஸ்தர் அக்காவின் மூன்றாம் நம்பர் அயர்ன்

இந்த ராத்திரி நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பெண்ணுக்கு இரண்டு நாளாகச் சளி. இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். நம் மனமகிழ் மன்றத்தின் மாத இதழோ காலையில் அச்சுக்குப் போகிறது. நடுவில் அவள் எழுந்துகொண்டால் ஏதாவது ஒரு வாக்கியம் அரைகுறையாக நின்றிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்குப் பருப்புச்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து போன். கணக்குப் பிரிவு எஸ்தர் அக்கா காலையில் பேருந்துக்கு நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டாராம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் குழந்தை வாயைத் திறந்தபடியே காத்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மீதிச் சோற்றையும் ஊட்டி முடித்தேன்.

மறுநாள் செய்யூருக்குப் பக்கத்தில் அவருடைய ஊரில் அடக்கம். நம் ஆட்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். "பாவம், கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்லாத தனி ஆளு" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். எஸ்தர் அக்கா பாவம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அவர் நினைவாக மாதக் கடைசி ஞாயிறன்று பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 'பந்து உருட்டும் போட்டி' என்று கோல்ஃப் குழு பலகையில் ஒட்டியிருக்கிறது. குழிக்கு நாலடி தள்ளி நின்று பந்தைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அக்காவின் பெயரால் அது நடக்கக் கூடாது. ஏன் கூடாது என்பதை, அவரைத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவரும் ஒரே வாரத்தில் அந்தக் குழுவில் சேர்ந்தோம். நம் அலுவலகக் குடியிருப்புக்குத் தெற்கே, சவுக்குக்கும் ஓடைக்கும் இடையில் ஒன்பது குழி மைதானம்; பாதி புல், பாதி மணல். இருவருக்கும் ஆட்டத்தின் அரிச்சுவடிகூடத் தெரியாது. பொதுப் பையிலிருந்து மற்றவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு இரண்டு, மூன்று, நான்காம் நம்பர் அயர்ன்கள்தான் மிஞ்சிக் கிடக்கும். விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அயர்ன் என்பது இரும்பு முகம் வைத்த குச்சி. நம்பர் குறையக் குறையக் குச்சி நீளும், முகம் நிமிர்ந்து நிற்கும். சரியாகப் பட்டால் பந்து தாழப் பறந்து வெகுதூரம் போகும். சரியாகப் படுவதுதான் அபூர்வம். அதனால்தான் அவற்றை யாரும் தொடுவதில்லை.

"யாருக்கும் வேணாமா? அப்ப நம்ம எடுத்துக்கலாம்," என்றார் அக்கா.

மாதக்கணக்கில் எங்கள் பந்து தரையோடு தவழ்ந்தது. பார்த்தவர்களெல்லாம் யோசனை சொன்னார்கள். "தூக்கி விடுங்க மேடம்." "இன்னும் வேகமா." தூக்கினோம், வேகமாக வீசினோம். மணல்தான் பறந்தது.

ஒரு சனிக்கிழமை ஆண்களின் போட்டி என்று எங்களை மைதானத்துக்குள் விடவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். அக்கா குச்சிகளைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். ஊரைத் தாண்டி வடக்கே நடந்து, அலை வடிந்திருந்த ஈர மணலில் பந்தை வைத்தோம். கரையோரமாகவே அடித்தோம், காற்று அதைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

நான் பந்தைத் தேடி ஓடினேன். அக்கா நின்ற இடத்திலேயே குனிந்திருந்தார். "கலா, இங்க வந்து பாரு. பந்து இங்க இருந்துச்சு. இரும்பு எங்க பட்டுக்கீது?"

புல்லில் தெரியாதது ஈர மணலில் அச்சடித்ததுபோல் தெரிந்தது. பந்தைத் தொடுமுன்பே, ஒரு சாண் இந்தப்புறமே இரும்பு மணலைத் தோண்டியிருந்தது.

"தூக்கணும் தூக்கணும்னு நெனச்சிகினே மண்ண வெட்டறோம். தூக்கறது அதோட வேல. அதுக்குத்தான மொகத்த சாய்ச்சி வச்சிக்கீறான். அத இன்னாத்துக்கு நம்ம செய்யறது?" என்றார். அலுவலகத்தில் கோப்புத் தமிழ் பேசுகிறவர், கையில் குச்சி வந்துவிட்டால் செய்யூர்க்காரர் ஆகிவிடுவார்.

குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். பந்து கோட்டின்மேல். அடித்த தடம் கோட்டுக்கு அந்தப்புறம், பந்து போகும் பக்கம்தான் தொடங்க வேண்டும். அன்றிலிருந்து எங்கள் பாடம் இவ்வளவுதான். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "யக்கா, இன்னா, சிலோனுக்குப் பார்சலா?"

"ஆமாப்பா. நீ கடலுக்குப் போவசொல்ல பாத்து எடுத்தாந்து குடு."

"எங்க எடுக்கறது? மீனு முழுங்கிட்டுப் பூடுச்சி. அந்த மீன வெல கட்டி வாங்கிக்க."

நல்ல அடி ஒன்று விழுந்தால் நான் குதிப்பேன். அக்கா பந்து போன திசையைக்கூடப் பார்க்கமாட்டார்; தடத்தைத்தான் பார்ப்பார். "ஒண்ணு யாருக்கும் வுழும்டி. அடுத்ததும் கோட்டுக்கு அந்தாண்ட வுழணும், அதுக்கு அடுத்ததும்." நான் பயத்தில் இறுக்கிப் பிடித்து வேகமாக வீசுவேன். "சின்னக் குச்சிய எப்டி வீசுவ? அப்டியே வீசு. நீளம் குச்சியிலயே கீது, உன் தோள்ல தேட வேணாம்," என்பார். வீட்டுக்கு வந்ததும் குச்சிகளை நல்ல தண்ணீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது என் பொறுப்பு.

ஐந்தாம் குழியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் அடிக்கான பின் மேடையிலிருந்து அடித்தால் பந்து ஓடையைத் தாண்டியாக வேண்டும், அதுவும் எதிர்க்காற்றில். பெண்களுக்கென்று ஓடைக்கு அந்தப் பக்கமே சுண்ணாம்படித்த கல் வைத்து முன் மேடை போட்டார்கள். "உங்க வசதிக்குத்தான் மேடம்," என்றார் குழுச் செயலாளர்.

"எனக்கு வசதி இல்லன்னு நான் எப்ப சொன்னேன் சார்?" அக்கா நேராகப் பின் மேடைக்குப் போய் நின்றார். அடித்தார். ஓடை. இன்னொன்று வைத்தார். அதுவும் ஓடை.

"இதுக்குத்தான் சொன்னேன்."

"காலைலேர்ந்து ஆம்பளைங்க பந்தும் அங்கதான சார் வுழுந்துது? அவங்களுக்கு எப்ப முன்னாடி கல்லு வெக்கப் போறீங்க?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் மெல்ல, "எங்கேர்ந்து வந்தவங்க எங்க வந்து நிக்கிறாங்க பாருங்க," என்றார். அக்காவின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கடலை பிடுங்கிக் கூலி வாங்கியவர்கள். அதைத்தான் அவர் சொன்னார், எல்லோருக்கும் புரிந்தது. அக்கா திரும்பாமலே, "நிக்கத்தான் சார் வந்தேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, குச்சி படும்," என்றார்.

அந்த மழைக்காலம் கழிந்து மறுபடி அதே இடத்தில் நின்றபோது, மூன்றாம் நம்பர் அயர்னில் பட்ட பந்து காற்றுக்கு அடியிலேயே போய் ஓடைக்கு அப்பால் விழுந்தது. அடுத்த வாரமும் விழுந்தது. பிறகு அது பேச்சாகவே இல்லாமல் போனது. உயரத் தூக்கி அடித்தவர்களின் பந்தைத்தான் காற்று திருப்பிக் கொண்டுவந்து ஓடையில் போட்டது.

எனக்குப் பெண் பிறந்தபின் நான் ஆடப் போவதை நிறுத்திவிட்டேன். வெயில், மணல், நாய், அலை, எல்லாமே எனக்குப் பயம். அக்கா வீட்டுக்கு வந்து, "கொழந்தய தூக்கினு வா. அது மண்ணு திங்கும், நம்ம மண்ணு வெட்டலாம்," என்று கூப்பிட்டார். வருகிறேன் வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறிவிப்பைப் பார்த்ததும் செயலாளரிடம் போனேன். போட்டி ஐந்தாம் குழியில், பின் மேடையிலிருந்து, எல்லோருக்கும் மூன்றாம் நம்பர் அயர்ன் என்று வைக்கச் சொன்னேன்.

"உங்க வருத்தம் புரியுது மேடம். ஆனா லேடீஸ் யாரு வருவாங்க?"

"நான் வருவேன்."

"நீங்க ஒருத்தர் வந்தா அதுக்குப் பேர் போட்டியா? நாலு பேர் பேர் குடுங்க, பாக்கலாம். இல்லன்னா போர்டுல இருக்கறதுதான்."

இந்த நிமிடம்வரை என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று சாயங்காலம், போர்வை சுற்றிய பெண்ணைக் கூட வந்த அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பின் மேடையில் போய் நின்றேன். முதல் பந்து ஓடையில் விழுந்தது. தவளைகள் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டன. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வைக்கும்போது, "இன்னும் எத்தனை?" என்று அவள் அப்பா கேட்டார். "தாண்டுகிற வரைக்கும்," என்றேன். இருட்டியதால்தான் திரும்பினோம், தாண்டியதால் அல்ல. அந்த ஞாயிறும் என் பந்து தண்ணீரில் விழலாம். விழட்டும், பின் மேடையிலிருந்து விழட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரப்பாக்கத்திலிருந்து அம்மா வருகிறார்கள்.

எஸ்தர் அக்கா, நீங்கள் நிம்மதியாக உறங்குங்கள். உங்களைப் பாவம் என்று சொல்லவிடமாட்டேன்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. குச்சி பிடிக்கத் தெரியவேண்டும் என்பதில்லை. எனக்கும் பாதிதான் தெரியும். இன்னும் மூன்று பெயர் வேண்டும். வருவதாக இருந்தாலும் வர முடியாவிட்டாலும், இதழ் கைக்குக் கிடைத்ததும் எனக்குச் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.