அலகில் இல்லாத இடைவெளி

2025 ஜனவரி 19, ஞாயிறு, காலை ஆறு ஐம்பது. ஏரியின் மேல் பனிமூட்டம், காற்றே இல்லை, குல்லா போட்டும் காது வலித்தது.

மல்லேஸ்வரத்திலிருந்து பறவை பார்க்கக் கிளம்பும் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர், நான்கு கேமரா, விஷயம் தெரிந்தவர் ஒருவர். அந்த ஒருவர் நான்தான் என்பதில் இரண்டு வருடமாக யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பறவையின் பெயரைத் தவறாகச் சொன்னவர் திரும்பும் வழியில் தர்ஷினி ஓட்டலில் எல்லோருக்கும் டிபன் வாங்கித் தர வேண்டும் என்பது விதி. நான் ஒருமுறைகூட வாங்கித் தந்ததில்லை. போன மாதம் என் மருமகளின் அப்பாவும் கூட்டத்தில் சேர்ந்தார். ராணுவப் பச்சையில் சட்டை, தொப்பி, காலுறை. எந்தக் கொக்கை ஏமாற்றவோ!

அந்த ஏரிக்கு இரண்டு வகை நாரைகள் வரும். மஞ்சள்மூக்கு நாரை, கல்யாணத்துக்கு வந்த பணக்கார அத்தை: வாலருகே ரோஜா நிறப் பட்டு, முகத்தில் ஆரஞ்சுப் பூச்சு, மீன் வருவதற்கு முன்பே தண்ணீரில் திறந்து வைத்த வாய். நத்தைகுத்தி நாரை அழுக்கு வெள்ளை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், பொருந்தாத பல்செட் போல. இதைவிடச் சுலபமான வித்தியாசம் இல்லை என்று அவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

அன்று கரையோரம் ஒன்று தனியாக நின்றது. பழுப்பேறிய சாம்பல் உடல். அலகில் இடைவெளி இல்லை.

"மஞ்சள்மூக்குதான். இளசு. ரோஸ் கலர் இன்னும் வரல" என்றேன்.

"நத்தைகுத்தி" என்றார் சம்பந்தி.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"நீங்க மஞ்சள்மூக்குன்னு சொன்னீங்களே, அதை வச்சுத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண மண்டபம் முதல் பேரனின் பள்ளிக்கூடம் வரை, நான் சொன்னதை மறுப்பது ஒன்றே அவருடைய பறவையியல்.

"அலகுல சந்து எங்கே இருக்கு, காட்டுங்க சம்பந்தி."

"பாவம், வாய மூடிக்கிட்டு நிக்குது. எல்லாரும் உங்கள மாதிரி வகுப்பு எடுத்துக்கிட்டே இருப்பாங்களா?"

அப்போது அந்தப் பறவை குனிந்து சேற்றிலிருந்து ஒரு நத்தையை எடுத்தது. சதையை உருவி விழுங்கிவிட்டு வெறும் ஓட்டைக் கீழே போட்டது. மஞ்சள்மூக்கு இந்த வேலையைச் செய்யாது. நான்கு கேமராக்களும் படபடத்தன.

கேமராக்காரர் ஒருவர் போனைப் பார்த்துப் படித்தார்: "சார், நத்தைகுத்தியோட குஞ்சுக்குச் சந்து இருக்காதாம். வளர வளரத்தான் வருமாம்."

"இவத்து நிம்தே, சார்" என்றார் இன்னொருவர் கன்னடத்தில். இன்றைக்கு என் முறையாம். இரண்டு வருடம் இதற்காகவே காத்திருந்த குரல்.

ஏழு இட்லி வடை, ஏழு காபி. சர்க்கரை நோயாளியான சம்பந்தி மட்டும் கூடுதலாக ஒரு கேசரி பாத் கேட்டு வாங்கினார்.

"நத்தை சாப்பிட்ட புள்ளைக்காக" என்றார்.

மொத்தம் அறுநூற்று எண்பது ரூபாய்.