இடப்பக்க சீட்

நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்காரும் சௌந்தர்யாவுக்குக் கதை கட்டத் தெரியாது. பேய் என்ற சொல்லை அவள் இன்றுவரை சொன்னதும் இல்லை. பேரணாம்பட்டு மலைப்பாதையில், வெளிச்சம் இருக்கும்போதே அவளுக்கு நடந்தது இது.

அவள் கணவன் ஜீவா பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். ஓய்வு பெற்று வந்ததும், ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்தான். நீலப் பெயிண்ட் அடித்துத் தோல் லோடுக்கு விட்டான். கதவிடுக்கில் மட்டும் பழைய பச்சை தெரியும். நெடுஞ்சாலையில் ராணுவ வண்டிகள் வரிசையாகப் போனால் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுவான். டிரெய்லர் மேல் ஏறிப்போகும் டாங்க், சிப்பாய்கள் உட்கார்ந்து போகும் கவச வண்டி, பாலத்தை மடித்துச் சுமக்கும் வண்டி, பழுதானதை இழுத்துவரும் ரெக்கவரி வண்டி... பங்காளிகளைப் போல ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் காட்டுவான். பன்னிரண்டு வருஷம் லீவுக்கு லீவு மட்டும் புருஷனைப் பார்த்தவளிடம் அவ்வளவு பேச்சு பேசியதில்லை.

ஒருநாள் பக்கத்து மிஷின் ஹஃப்ஸா குனிந்து சொன்னாள்.

"பஸ்லேர்ந்து பாத்தேன்டி. உன் ஆளு லாரியில யார்கிட்டயோ சிரிச்சிப் பேசிக்கினே போறாரு. அப்டி ஒரு சிரிப்பு!"

"கூட யாரு?"

"தெரில. அந்தப் பக்கம் மறைச்சிச்சி."

அன்று சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரம் சௌந்தர்யா லாரியில் ஏறினாள். தலைமுடி தேடினாள். பூ வாசனை தேடினாள். எதுவும் இல்லை. ஆனால் சீட்...

டிரைவர் சீட்டில் கிழிந்த ரெக்ஸின். இடப்பக்க சீட்டுக்கு மட்டும் புதுத்தோல். அசல் மாட்டுத்தோல், முதல் தரம். நாளெல்லாம் தோலைத் தொடுகிறவள், விரல் வைத்ததுமே கண்டுகொண்டாள். அவளுக்கு அந்தத் தோலில் ஒரு மணிபர்ஸ்கூட அவன் வாங்கித் தந்ததில்லை. அதைவிட இன்னொன்று. யாரும் உட்காராத தோல் விறைப்பாக இருக்கும். இதில் நடுவில் குழி. ஓரமெல்லாம் மடிப்பு. கனமான ஓர் உடம்பு தினமும் உட்கார்ந்த அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை, மலைக்கு மேலே இருக்கும் வி.கோட்டா லோடுக்கு நானும் வருகிறேன் என்று நின்றாள்.

"அந்த சீட் வேணாம். நடுவுல உக்காரு," என்றான் ஜீவா.

"ஏன்? யாராவது ரிசர்வ் பண்ணிக்கிறாளா?"

"பட்டாளத்துல ரெண்டாவது ஆள் இல்லாம வண்டி நகராது. அந்த எடம் அவனுது. பழக்கம், விடேன்."

"இது பட்டாளம் இல்ல. நான் உங்க பொண்டாட்டி."

ஏறி உட்கார்ந்தாள். தோல் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். வண்டி ராத்திரி முழுக்க ஷெட்டுக்குள் நின்றிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

போகும்போது ஜீவா வாயே திறக்கவில்லை. திரும்பும்போது உப்புத்தோல் லோடு. தூறல். மலைப்பாதையில் இறங்கும்போது மணி ஐந்தே முக்கால். ஒரு வளைவில் பேரணாம்பட்டு பஸ் எதிரே மூச்சுத் திணற ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஜீவா ரிவர்ஸ் போட்டான்.

பின்னால் நின்று பார்த்து, பலகையில் தட்டிச் சொல்ல ஆள் இல்லை. லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கேதம்தான். இரண்டு தட்டு, வரலாம். ஒரு தட்டு, நில்.

டப்... டப்.

பின்பலகையில் யாரோ தட்டினார்கள்.

"யாருங்க பின்னாடி?"

ஜீவா கண்ணாடியைப் பார்க்கவில்லை. கண்களை மூடியிருந்தான். காதைத் தீட்டிக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒடித்தான்.

டப்... டப்.

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். ஈரத் தார்ச்சாலை. இடிந்த தடுப்புச்சுவர். அதற்கப்பால் வெறும் வெளி. ஆள் இல்லை.

"நிறுத்துங்க! பள்ளம்!"

"ஷ்... கேக்க விடு."

டப் டப்.

டப் டப் டப் டப்...

வண்டியின் பின்பக்கம் இறங்கியது.

அவள் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

லாரி நின்றது.

அமைதி.

பிறகு ஒரே ஒரு தட்டு. பின்னால் இல்லை. அவள் பக்கத்துக் கதவில். காதோரத்தில்.

டப்.

பஸ்ஸிலிருந்து கண்டக்டர் ஓடிவந்தார். பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றிருந்தது. கீழே இறங்கிப் பார்த்த ஜீவா, திரும்பி வந்து இடப்பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டான். அதற்குள் சௌந்தர்யா இறங்கியிருந்தாள். காலியான அந்தச் சீட்டைப் பார்த்து அவன் கேட்டான்.

"இன்னாடா... இன்னைக்கு இன்னா ஆச்சி உனக்கு?"

அந்த நேரத்திலும் அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் குரலில் அவன் அவளிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

லாரியை விற்கச் சொன்னாள். அவன் மறுபேச்சு இல்லாமல் விற்றான். வண்டி ஒழிந்தது, இனி இவர் எனக்குத்தான் என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பத்துநாள் கழித்து, ஒரு மத்தியானம், பேரணாம்பட்டிலிருந்து ஷாஹித் வந்தான். ஜீவாவோடு பட்டாளத்தில் இருந்தவன். ஜீவா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். சௌந்தர்யா நடந்ததைச் சொன்னாள். டீ ஆறிப்போனது. ஷாஹித் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"பாண்டியன்மா," என்றான். "இவனும் அவனும் ஒரே வண்டி. ஒருத்தன் ஓட்டுனா ஒருத்தன் எறங்கித் தட்டுவான். இவன் கல்யாண லீவுல வந்துட்டான். அன்னிக்குன்னு அவசர லோடு. பாண்டியன் தனியா எடுத்துனு போனான். அங்க மலையில ரிவர்ஸ் எடுத்தப்ப தட்ட ஆள் இல்ல... போய்ட்டான்."

"என்னிக்கு?"

ஷாஹித் தேதி சொன்னான். அன்று காலையில்தான் அவள் கழுத்தில் தாலி ஏறியது.

"அந்த லாரியத்தான் வாங்கினு வந்தாரா, அண்ணா?"

"இல்லம்மா. அத மேல தூக்கவே முடியல. இன்னும் அந்தப் பள்ளத்துலதான் கெடக்குது. ஜீவா எடுத்தது வேற யூனிட் வண்டி. பாண்டியன் அத கண்ணால பாத்ததே கெடையாது."

ஷாஹித் போன பிறகு அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜீவா எப்போதும்போல பாயின் வலது ஓரத்தில் ஒடுங்கிப் படுத்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இடப்பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு.

அந்த இடம் தனக்காக என்றுதான் அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.