பைகளுக்குக் காவல் இருந்தவள் தீவைச் சுற்றிய கதை

மே மாதத்து ஞாயிறு, அதிகாலை நாலரை. கோவில்பட்டியில் வேன் கிளம்பும்போதே ஏழு பைகளும் என் மடிக்கு வந்துவிட்டன. நாங்கள் ஏழு பேரும் பள்ளி நாளிலிருந்து ஒன்றாக ஹாக்கி ஆடுகிறவர்கள். நாற்பதைத் தாண்டிய பிறகும் ஞாயிறு தவறாமல் மட்டையோடு மைதானத்துக்குப் போய்விடுவோம். நான் கோல்கீப்பர்; ‘கோலி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மைதானத்தில் பைகளைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் போடுவது வழக்கம். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் பைகளுக்குக் காவல் நான்தான்.

இந்த முறை தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்த சின்னத் தீவு ஒன்றைக் கயாக்கில் சுற்றப் போகிறோம். ஒல்லியான பிளாஸ்டிக் தோணிக்குத்தான் அந்தப் பெயர். துடுப்பை நாமே போட வேண்டும். ஒரு மாதமாக எனக்கு இதே நினைப்பு. எல்லோரும் ஓடி ஆட, நின்ற இடத்திலேயே நின்று காலத்தைக் கழித்தவள் நான். ஒரு தடவையாவது எதையாவது முழுசாகச் சுற்றிவிட வேண்டும்.

எட்டயபுரம், குறுக்குச்சாலை என்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது. உப்பளம் கண்ணில் பட்டதும் சுப்பு ஜன்னலில் தலையை நீட்டிக் குலவை போட்டாள்.

ஆறரைக்குக் கடற்கரை. பயிற்சி தரும் அந்தோணி தம்பி விவரம் சொன்னார்.

“கயாக் மூணுதான் இருக்குக்கா. ஒண்ணுல ரெண்டு பேரு. மிச்சம் ஒருத்தர் எங்கூட எஞ்சின் போட்டுல வாங்க. பத்து மணிக்கு மேல காத்து ஏறிரும். அதுக்குள்ள சுத்த முடியலன்னா பாதியிலயே திரும்பிருவோம்.”

ஆறு தலைகளும் என் பக்கம் திரும்பின.

“கோலி, நீ போட்டுல ஏறிக்கோட்டி. பைய பாத்துக்கிடணும்லா?” என்றாள் கேப்டன் ஜெயராணி.

எனக்கு அழுகை முட்டியது. பைகளை அள்ளிக்கொண்டு போட்டில் ஏறினேன்.

ஆனால் கடல் என் பக்கம் இருந்தது. ஹாக்கி மட்டையில் ஒரு பக்கம்தான் தட்டை. பந்தை வலப்புறமே வைத்து ஆடிய கைகள் அவர்களுடையவை. துடுப்பின் இரண்டு முனையிலும் தட்டை இருந்தும், ஆறு பேரும் வலப்பக்கத் தண்ணீரை மட்டும் வெளுத்து வாங்கினார்கள். மூன்று கயாக்கும் இடப்பக்கமாகச் செக்குமாடுபோல் சுற்றின.

“நேரா போங்கக்கா!”

“நேராத்தான தம்பி போறோம்!” என்று கத்திக்கொண்டே ஜெயராணி இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

எட்டு மணியாகியும் கரை அங்கேயே இருந்தது. ஜெயராணியின் பின்னால் உட்கார்ந்திருந்த சுப்பு, “தல கிறுகிறுங்குது, என்னய ஏத்திக்கோங்க” என்று கையைத் தூக்கினாள். அந்தோணி தம்பி வானத்தைப் பார்த்தார். “திரும்பிருவமாக்கா?”

“நான் போறேன்” என்று எழுந்தேன். போட்டில் ஏறிய சுப்புவின் மடியில் பைகளை வைத்துவிட்டு அவள் இடத்தில் இறங்கினேன்.

கோல்கீப்பருக்கு வலம் ஏது, இடம் ஏது? பந்து வரும் பக்கம் கையும் காலும் போயாக வேண்டும். துடுப்பு என் கையில் இரண்டு பக்கமும் தானாக இறங்கியது. பின்னால் நின்று கத்துவதும் எனக்குப் புதிதில்லை.

“ஏட்டி ஜெயராணி, வலது ஒண்ணு, எடது ஒண்ணு! எல்லாரும் என் சத்தத்துக்குப் போடுங்க!”

“சரி, நீ சொல்லு. நான் போடுதேன்” என்றாள் கேப்டன்.

கயாக் விருட்டென்று நேராகப் பாய்ந்தது. மற்ற இரண்டும் என் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தன. தீவில் கால் வைக்க அனுமதி இல்லை, சுற்றலாம். துறைமுகத்துக் கிரேன்கள் மறைந்து, தீவின் மறுபக்கத்தில் கண்ணாடித் தண்ணீர்; அடியில் கடல்புல் அசைவதும் மீன்கள் ஓடுவதும் தெரிந்தன. கிரேன்கள் மறுபடி தெரிந்தபோது மணி ஒன்பதே முக்கால். சுற்றியாகிவிட்டது! முதலில் கரை தொட்டது எங்கள் கயாக்தான். மணலில் நின்று சின்னப்பிள்ளைபோல் குதித்தேன்.

மாலை கோவில்பட்டியில் இறங்கினோம். வறண்ட காற்றில் மேலெல்லாம் உப்புப் பூத்திருந்தது. என் பையைத் தேடினால், ஜெயராணியின் தோளில் இரண்டு பைகள்.

“ஏட்டி, கொண்டா என் பைய.”

“இருக்கட்டும்” என்று முன்னால் நடந்தாள். “ஒன் வீடு வரைக்கும் நான் தூக்கியாரேன்.”