நடுப்பங்கு

பெரியப்பாவின் கயிற்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கிணற்று வாளிக்குக் கட்டுகிற சாதாரணத் தேங்காய்நார்க் கயிறுதான். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காயவைத்து, இனிமேல் இது நீளாது, சுருங்காது என்று தனக்கே திருப்தி வந்த பிறகு முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டார். தாத்தாவின் காரியம் முடிந்த கையோடு, செக்கானூரணிக்கு மேற்கே எங்களுக்கு இருந்த மூன்று காடுகளையும் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் பிரிப்பதற்காக அந்தக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் புறப்பட்டுப் போனதைப் பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் பார்த்தேன். ஊரே பார்த்தது. ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே அவர் நடுத்தெரு வழியாகப் போனார்!

மூன்று காடு, மூன்று பேர். ஆளுக்கு ஒன்று என்று கொடுத்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கிணற்றுத் தோட்டத்தில் தண்ணீர் இருந்தது, ரோட்டுக் காட்டுக்கு வண்டி போக வசதி இருந்தது, மேட்டுக் காட்டில் கல்தான் இருந்தது. ஒருவருக்குத் தண்ணீரையும் ஒருவருக்குக் கல்லையும் கொடுத்தால் நாளைக்கு யாராவது ஒரு சொல் சொல்லிவிடுவார்கள். பெரியப்பாவுக்கு அந்த ஒரு சொல்தான் பயம். அதனால் மூன்று காடுகளையும் நீளவாக்கில் மும்மூன்றாகக் கிழித்தார். வடபங்கு, நடுப்பங்கு, தென்பங்கு. ஒவ்வொன்றும் காயப்போட்ட சேலை மாதிரி நீண்டு கிடந்தது. ஏர்மாடு திரும்பவே இடம் போதாது. டிராக்டரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நிலத்தோடு விட்டாரா? வீட்டுச் சாமான்களிலும் அதே நியாயம்தான். ஆட்டுரல் எங்களுக்கு, அதன் குழவி சித்தப்பாவுக்கு. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அம்மா மாவாட்ட வேண்டும் என்றால் நான் சித்தப்பா வீட்டுக்குப் போய்க் குழவியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வரவேண்டும். ஆட்டி முடித்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். "நியாயம்னா இதுதான்டா நியாயம்" என்று பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு மட்டும் உரலும் குழவியும் தேவைப்படவில்லை. பெரியம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது தனியாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பாகப்பிரிவினைக்கு ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். எடுத்தது போக மிஞ்சுவதுதான் மூத்தவருக்கு. பங்கு வைக்கிறவர் கை சாய்ந்தால் சாய்ந்த பங்கு அவர் தலையிலேயே விழும். நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சித்தப்பா முதலில் எடுக்க வந்தபோது எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறிவிட்டு, "எனக்கு நடுப்பங்கு" என்றார்.

கிணறு இருந்தது நடுப்பங்கில். தண்ணீர் மூவருக்கும் பொது என்று பேசி எழுதியாகிவிட்டது. ஆனாலும் கிணறு கண்ணில் படுகிற இடம் அவருடையதாகிவிட்டதே! அன்று முதல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வருஷக்கணக்கில் பேச விஷயம் கிடைத்தது. "சின்னவரு வாயில்லாப் பூச்சின்னு நெனச்சோம், கெணத்தடியாப் பாத்து எடுத்துட்டாருல்ல" என்று பெரியம்மா சொல்வார். அம்மாவும் ஆமாம் போடுவாள். அந்த இரண்டு பேரும் வேறு எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஏனென்றால் பாகம் பிரிப்பதற்கு முன்பிருந்தே பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குலசாமி கோயில் கிடாவெட்டில் யார் முதலில் மாலை வாங்குவது என்று ஆரம்பித்த சண்டை. சாமிக்கே அலுத்துப்போன பிறகும் இவர்களுக்கு அலுக்கவில்லை.

அப்பா போனார், பெரியப்பாவும் போனார். பெரியப்பாவின் பங்கு அவருடைய ஒரே மகளான அக்காவுக்கு வந்தது. எங்கள் பங்கு எனக்கு. நான் கல்யாணமாகித் திருநகருக்கு வந்தவள் வந்தவள்தான். என் தென்பங்கையும் அக்காவே பார்த்துக்கொள்கிறாள். சித்தப்பா ஆனையூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆக, ஊரில் நின்று பாடுபடுகிறவள் அக்கா ஒருத்திதான். புருஷன் இல்லை, பிள்ளைகள் திருப்பூரில். கிணற்றுத் தோட்டத்து வடபங்கில் மல்லிகை போட்டிருக்கிறாள். விடியுமுன் பறித்து மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிறாள். அந்தப் பூதான் அவளுக்குச் சோறு.

பூச்செடிக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் நடுப்பங்கில் இருக்கிறது. சித்தப்பா எதுவும் விதைக்காததால் நடுப்பங்கு முழுக்கச் சீமைக்கருவேலம். அதற்குள்ளே முள் குத்தக் குத்த அக்கா ஹோஸை இழுத்துக்கொண்டு திரிகிறாள். இந்த லட்சணத்தில் சித்தப்பா மகன் நடுப்பங்கை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தான். வாங்க வந்தவர் முதல் பேச்சிலேயே சுற்றிக் கல் ஊன்றிக் கம்பி வேலி போடப்போவதாகச் சொன்னார். கிணறு பொது என்று பத்திரத்தில் இருக்கிறது, சரி. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தனியாக ஒரு பொம்பளை தினமும் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? சித்தப்பா "நான் இருக்கற வரைக்கும் விக்கக் கூடாது" என்று மகனிடம் சொல்லிவிட்டார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு?

அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன். பங்குகளை மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு முழுக் காடு. பெரியப்பா அன்றைக்கே செய்திருக்க வேண்டியதை நாம் இன்றைக்குச் செய்வோம், கிணற்றுத் தோட்டம் அக்காவுக்கு இருக்கட்டும் என்றேன். அக்காவுக்கு ஆசை கண்ணில் தெரிந்தது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "எங்கப்பா தராசு மாதிரிப் பிரிச்சு வச்சாரு. அதை நாம கலைக்கலாமாடி?" எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையெல்லாம் முள் கீறல், பேச்செல்லாம் தராசு.

அவளைச் சரிக்கட்டிவிட்டு ஆனையூருக்குப் போனால் அங்கே அதற்கு மேல். சித்தப்பா தட்டு நிறைய முறுக்கு வைப்பார், பேரன் பேத்தி நலம் விசாரிப்பார். காடு என்றதும் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார். "மாத்தணும்னா அளக்கணும்ல தாயி?" என்பார். "ஆமா, அளக்கத்தான் வேணும்" என்பேன். "அளக்கறதெல்லாம் வேணாம்" என்பார். ஏன் என்று கேட்டால் இன்னொரு முறுக்கை எடுத்து நீட்டுவார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. திருநகரிலிருந்து ஆனையூருக்கு ஊரைக் குறுக்கே கடந்து, சிம்மக்கல் நெரிசலில் வெந்து போய்வந்ததற்கு எனக்கு மிஞ்சியது முறுக்குதான். பிடிவாதக் கிழவர், கிணற்றடியை விட மனசில்லை, அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பொறுமை போய், அவரைக் கேட்காமலே நான் ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டேன். அளந்து கணக்கைக் கையில் கொடுத்தால் மனுஷர் என்ன செய்வார் பார்ப்போம் என்று. சர்வேயர் டேப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பிடித்தார். மறுபடி பிடித்தார். பிறகு என்னையும் அக்காவையும் பார்த்து, "சமபங்குன்னுதானம்மா சொன்னீங்க? நடுவுல இருக்கறது ரெண்டு பக்கத்துல இருக்கறதுல பாதிகூட இல்லையே" என்றார்.

அக்கா சட்டென்று, "உங்க டேப்பு பழசா இருக்கும் சார்" என்றாள். அவர் முகம் சுளிக்காமல் வேறு டேப் எடுத்து அளந்தார். அதே கதைதான். மேட்டுக் காட்டிலும் அதே கதை, ரோட்டுக் காட்டிலும் அதே கதை. எல்லா இடத்திலும் நடுப்பங்கு மட்டும் ஒடுங்கிக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் உழவுக்கு முன்னால் வரப்பு வெட்டுவார்கள். நம் பக்கத்துப் புல்லோடு கொஞ்சம் மண்ணைச் செதுக்கி, எதிர்ப்பக்கம் அணைத்துப் பூசினால் போதும். வரப்பு ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். யாருக்கும் தெரியாது. பெரியப்பா ஆள் வைக்காமல் தானே மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுவார். என்ன சுத்தமான வேலை என்று நான் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். தென்பக்கம் என் அப்பாவும் அப்படித்தான் வெட்டினார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன்களும் இந்த ஒரு காரியத்தில் மட்டும் கூட்டுச் சேர்ந்தது போல இரண்டு பக்கமிருந்தும் தம்பியைத் தின்றிருக்கிறார்கள். முழத்துக்கு ஒரு முடிச்சாம், தராசாம்! அக்கா மல்லிகைச் செடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசி இரண்டு வரிசைச் செடி நிற்பது சித்தப்பாவின் மண்ணில். அவள் நட்டதுதான், யார் மண் என்று தெரியாமல் நட்டது.

மறுநாளே ஆனையூருக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவரே டி.வி.யை அணைத்தார்.

"அளந்துட்டீகளா?"

"ஏன் சித்தப்பா, இம்புட்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னத்தத் தாயி சொல்ல? எங்கண்ணன் எம் மண்ணத் தின்னுட்டாருன்னு பஞ்சாயத்துல போயி நிக்கவா? ஊரே அவரைத் தர்மருங்குது. அளந்தா அவரு பேருதான கெடும். உங்கப்பன் பேரும் கெடும். அவுகளே போயிட்டாக, இப்ப எதுக்கு?"

"அப்ப எதுக்கு நடுப்பங்கை எடுத்தீக? கிணத்துக்காகத்தான?"

அவர் சிரித்தார். "எனக்கு வடபங்கு மேலதான் ஆச. வண்டிப்பாதை ஓரம், வேப்பமரத்து நெழலு. ஆனா உங்கப்பனும் பெரியண்ணனும் மொறச்சுக்கிட்டு நின்னாக. அவுக ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்து வரப்பு வந்திருந்தா ஒரு வருஷம் தாங்காது தாயி, அருவா எடுத்திருப்பாக. நான் நடுவுல கெடந்தா ஆளுக்குக் கொஞ்சம் எங்கிட்டச் சுரண்டிக்கிருவாக. நான் திருப்பிச் சுரண்டப் போறதில்ல. அம்புட்டுத்தேன்."

இதைக் கேட்டு என் மனம் உருகியிருக்க வேண்டும். உருகத்தான் செய்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போன இரண்டு பேருடைய பேரைக் காப்பாற்ற, உயிரோடு இருக்கிற ஒருத்தியை முள்ளுக்குள் ஹோஸ் இழுக்க விட்டிருக்கிறாரே! அதையும் சொன்னேன். "அது நான் நெனைக்கல தாயி" என்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்றார்.

அப்பாடா என்று ஊருக்குப் போன் போட்டால், இப்போது அக்கா முறுக்கிக்கொண்டாள். அவளுக்கு மானம் போய்விட்டதாம். "வழக்கப்படி நடக்கட்டும். மூத்தவர் வழி நான், பங்கு வைக்கிறேன். மூணு காட்டுல எது வேணும்னாலும் சித்தப்பாவே முதல்ல எடுக்கட்டும்" என்றாள். "அவரு கிணத்துத் தோட்டத்தை எடுத்துட்டா? பக்கத்துலேயே மகன் நிப்பான்க்கா, விலை அதுக்குத்தான் ஜாஸ்தி!" என்று கத்தினேன். "எடுத்தா எடுக்கட்டும். அவரு மண்ணைத்தான இத்தனை நாளாப் பறிச்சு வித்துருக்கேன்" என்றாள். போனை வைத்துவிட்டு நான் சமையலறையில் பாத்திரங்களிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கிணற்றடியில் கூடினோம். சித்தப்பா மகன் காரிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்தான். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எடுங்க சித்தப்பா" என்றாள். அவள் கண் மல்லிகைப் பக்கம் போகவே இல்லை. மகன் அப்பாவின் காதருகே குனிந்து, "கெணத்துத் தோட்டம்னு சொல்லுங்கப்பா" என்று முணுமுணுத்தது எங்களுக்கே கேட்டது.

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஒருதடவ முதல்ல எடுத்துப் பாத்துட்டேன் தாயி. முதல்ல எடுக்கச் சொன்னா நமக்குப் புடிச்சத எடுக்க முடியறதில்ல. இந்தத் தடவ நான் கடைசி. நீ எடு."

"இல்ல சித்தப்பா, நீங்க."

"நீ எடுத்தாத்தான் எனக்குத் திருப்தி."

"நீங்க எடுத்தாத்தான் எனக்கு..."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குள் அத்தனை வருஷத்துக் குழவியும் ஒரேயடியாக உருண்டது. "இந்தக் குடும்பத்துல யாராவது ஒருத்தர், தனக்கு என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, "கெணறு எனக்கு வேணும் சித்தப்பா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

"எடுத்துக்க" என்றார் அவர். மகன் வாய் திறக்குமுன் அவன் கையைப் பிடித்து அமுக்கினார்.

"உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க" என்று நான் விடாமல் கேட்டேன். அவர் சின்னப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். "ரோட்டுக் காடு குடுப்பீகளா? கார்ல வந்து எறங்குனதும் மண்ண மிதிச்சிறலாம். இம்புட்டுத் தூரம் நடக்கக் காலு வரமாட்டேங்குது."

அப்படியே பத்திரம் பதிந்தாகிவிட்டது. அக்கா கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டு நடுப்பங்கிலும் மல்லிகை போட்டுவிட்டாள். சித்தப்பாவை மாதம் ஒருமுறை கார் ரோட்டுக் காட்டில் இறக்கிவிடுகிறது. மேட்டுக் காடு எனக்கு வந்திருக்கிறது. கல் என்றால் சாதாரணக் கல்லா, முளைக்குச்சிகூட இறங்காத கல்! ரோட்டுக் காட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.