எட்டுச் சொட்டு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு கடிதம் எழுதவே நாலு நாள் யோசிப்பேன். எனக்கு எதற்கு இந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். இது தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, பேறுகாலத்துக்கு மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாததால் அக்கா வீடுதான் அவளுக்குப் பிறந்த வீடு. அவளுக்குச் சர்க்கரை வியாதி. முதல் பிள்ளை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்திருந்தது.

தினமும் காலையில் தென்காசியிலிருந்து கம்பவுண்டர் அண்ணாச்சி சைக்கிளில் வருவார். கண்ணாடி ஊசியை எங்கள் அடுப்பில் கொதிக்கப் போடுவார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சித்தியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். நிறத்தைப் பார்த்துத்தான் இன்சுலின் அளவு. இன்சுலின் புட்டியைச் சூடு படாமல் ஈர மணல் சட்டியில் புதைத்து வைத்திருந்தோம்.

அந்தச் சிறுநீரை ஓர் ஆம்பிளை கையில் கொடுக்கச் சித்திக்குக் கூச்சம். புறவாசலில் அவள் பிடித்துவைக்கும் பீங்கான் கோப்பையை நான்தான் முன்கட்டுக்குக் கொண்டுபோவேன்.

ஆனி மாதச் சாரல் தொடங்கியபோது இரண்டு நாள் தொடர்ந்து செங்கல் நிறம் வந்தது.

"என்ன தாயி, ஒங்க தங்கச்சி ராத்திரி அல்வாக் கடைக்குப் போயிட்டு வாராளா?" என்று அம்மாவிடம் சிரித்த அண்ணாச்சி, அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் சொல்லிட்டாரு. இன்னொரு தடவ செவப்பு வந்தா பாளையங்கோட்டையில கொண்டு சேத்துரணும்."

கதவுக்குப் பின்னால் நின்று சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை புறவாசலில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, இன்னைக்கு நீ இதுல ஒண்ணுக்குப் போ."

"நானா? எதுக்கு?"

"அங்கன போனா நான் பிள்ளையோட திரும்ப மாட்டேன்டி. அம்மைட்ட சொல்லிராத, என்ன?"

நீலம் வந்தது. அண்ணாச்சி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தியளா! இப்பத்தான் சொன்ன பேச்சு கேக்கா," என்றார். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கும் எனக்குச் சரியாக வராது. இதில் மட்டும் தினமும் தேறினேன். நாலைந்து நாளில் டாக்டரைக் கேட்டு ஊசியைப் பாதியாகக் குறைத்தார்கள்.

பிறகு சித்தி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். படுத்தே கிடந்தாள். மாசம் ஏறினால் அப்படித்தான் என்றாள் அம்மா. ஒரு மத்தியானம் அவள் பக்கத்தில் போய்ப் படுத்தேன். மூச்சில் நன்றாகக் கனிந்த பழ வாசனை. குற்றாலத்தில் மங்குஸ்தான் வந்திருந்த சமயம். எனக்குத் தராமல் ஒளித்துத் தின்கிறாளே என்று அழுகை வந்தது.

"சித்தி பழம் திங்கா," என்று அம்மாவிடம் போய்க் கோள் சொன்னேன்.

அம்மா தலையணைக்கடியில் எல்லாம் தேடினாள். ஒரு தோல்கூடக் கிடைக்கவில்லை. "வாயக் கட்டத் தெரியாதாட்டி ஒனக்கு? வயித்துல கெடக்கத நெனச்சுப் பாத்தியா?" என்று ஏசினாள். சித்தி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாந்தி எடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் சித்திக்குப் பேச்சு நின்றுவிட்டது. வாடகைக் காரில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போதே பிள்ளை வயிற்றில் இறந்திருந்தது. சித்தி பிழைத்தாள், அப்புறம் பிள்ளை இல்லை. பழம் தின்று கெடுத்தாள் என்று அம்மா தன் கடைசிக் காலம்வரை சொன்னாள். சித்தி ஒருநாளும் மறுக்கவில்லை. இன்சுலின் போதாமல் போனால் மூச்சு அப்படி மணக்கும் என்று, என் மகள் கர்ப்பமாக இருந்தபோது ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சித்தியைக் காரில் கொண்டுபோன மறுநாள் காலை அப்பாவும் நானும்தான் வீட்டில் இருந்தோம். அண்ணாச்சி வரும் நேரமாயிற்று. நான் புறவாசலுக்குப் போய்க் கோப்பையை நிரப்பி, முன்கட்டில் கொண்டுவந்து வைத்தேன்.