பிறந்த வீட்டுக் கோடி

அம்மாவை எடுக்க வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் தெருவில் பந்தல் போட்டாயிற்று, பாடை கட்டியாயிற்று. மேளக்காரர்கள் டீ குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வரவேண்டியது கோடி மட்டும்தான். செத்த பெண்ணின் மேல் அவளுடைய பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுப்புடவையைப் போர்த்தாமல் எங்கள் பக்கத்தில் பாடையைத் தூக்குவதில்லை. அம்மாவுக்கு ஒரே அண்ணன், திருவெண்ணெய்நல்லூர் பக்கம். இருபது வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காதவர்.

"போன்ல சொன்னியா, ஆள் வுட்டு சொன்னியா?" பங்காளி முறைப் பெரியப்பா மறுபடியும் கேட்டார்.

"ஆள் வுட்டுத்தான் பெரியப்பா."

"அந்தாளு வர மாட்டான்டா. ஜல்தியா கடைக்குப் போயி ஒரு வெள்ளப் பொடவ வாங்கியா. மாமன் வூட்டுதுன்னு போத்திடலாம். செத்தவ எழுந்து கேக்கவா போறா?"

நான் எழுந்திருக்கவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அம்மா என்னிடமும் அக்கா மகளிடமும் ஒன்றைச் சொல்லியிருந்தாள். "எங்கண்ணன் கோடி போட்டாத்தான் என்னத் தூக்கணும். ஆனா வெள்ள வேணாம்னு சொல்லிடு." விதவைக்கு வெள்ளைக் கோடிதான் போடுவார்கள்; இரண்டும் ஒன்றாக நடக்காது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அப்பா இறந்தது தொண்ணூற்று மூன்றில். நான் ஒன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். கருமாதியன்று மாமா வெள்ளைக் கோடி கொண்டுவந்து அம்மாவின் தோளில் போட்டார். கொஞ்ச நாளில் அம்மா அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பழைய கலர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு ரைஸ் மில் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். வெள்ளை கட்டியவள் விடிகாலையில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று மில்லில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேதி கேட்டு மாமா வந்தார்.

"என் கோடிய அவுத்தா போட்ட?"

"அத்தக் கட்டிக்கினு நின்னா எவண்ணா வேல தருவான்? எம் புள்ளைங்களுக்கு நீ சோறு போடுறியா?"

"இனிமே உனக்கு எங்கிட்டேர்ந்து கோடியே கெடையாது. செத்தாலும் கெடையாது, போ."

தெருவே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மில் வேலையில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பள்ளிக்கூடம் தாண்டிக் காலேஜ் வரை போனேன். அக்கா மகளையும் அம்மாதான் வளர்த்தாள். ஆயா ஆயா என்று அவள் பின்னாலேயே சுற்றிய குழந்தை, இப்போது கல்லூரிக்குப் போகிற பெண், பாடையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் மங்கியபோது தெருமுனையில் மாமா நின்றார். மேளத்தோடு போய் அழைத்து வந்தோம். அக்கா அவரைக் கட்டிக்கொண்டு கதறினாள். பாடைக்குப் பக்கத்தில் வந்து, மஞ்சப் பையிலிருந்து புடவையை எடுத்தார். வெள்ளை. அக்கா மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, சொல்லு" என்றாள் என்னிடம்.

அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டால் கோடியே இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் அம்மா வெள்ளையில் போவாள்.

"மாமா," என்றேன். "அம்மா வெள்ள வேணாம்னு சொல்லிச்சு."

மேளம் நின்றுபோனது.

"இன்னாது?"

"உங்க கோடிதான் வேணும்னு கேட்டுச்சு மாமா. வேற யாரு போட்டாலும் தூக்கக் கூடாதுன்னுச்சு. ஆனா வெள்ள வேணாம்னு."

பெரியப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "படிச்ச திமிருடா இது! தாலியறுத்தவளுக்குக் கலர்க் கோடி எந்த ஊர்ல போட்டான்? வந்த மனுசன பேஜாரு பண்ணிக்கினு!"

மாமா புடவையைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். என் பைக் நின்ற இடத்தில் அவர் நின்றார்.

"செத்தும் அடங்க மாட்டாளா அவ?" என்றார். பைக் சீட்டைத் தட்டினார். "வண்டிய எடு."

கடையில் புடவைகளை விரித்துப் போட்ட பையன், "விசேஷத்துக்குங்களா?" என்று கேட்டான்.

"எந் தங்கச்சிக்கு" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "மில்லுக்கு இன்னா கலர்டா கட்டிக்கினு போவா?"

"கைல கெடச்சத மாமா."

வெளியே கடைகளில் லைட் போட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றை இழுத்தார். "சின்னதுல தேர்த் திருநாக் கடையில இந்தக் கலர் பாவாட கேட்டு அழுது பொரண்டா. எங்கப்பன் வாங்கித் தரல."

வீட்டில் பெரியப்பா புடவையைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்.

"எங்க வூட்டுப் பொண்ணு, எங்க வூட்டுக் கோடி," என்றார் மாமா. "நீ வாய மூடு."

மடிப்பைப் பிரிக்க அவர் விரல்களால் முடியவில்லை. அக்கா மகள் எழுந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அம்மாவின் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினார்கள். முகத்தருகே ஒரு சுருக்கம் இருந்தது. மாமா அதை நீவிவிட்டார், நெடுநேரம் நீவிக்கொண்டே இருந்தார்.

யாரும் அவரைக் கூப்பிடத் துணியவில்லை. கடைசியில் அவரே கையை எடுத்தார்.

"தூக்குங்கடா, இருட்டுது."